இங்கிலீஷ் பக்தி

மாப்ளே,

இன்று புனித வெள்ளி. போடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தேன். கடை டி.வி.யில் பழைய ஆங்கில ஏசு படம் ஒன்று தமிழ்க் குரலில் ஓடியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. வசனம் நின்று, வயலின்கள் கூட்டமாக அடிக்குரலில் முனக ஆரம்பித்ததும் டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டேன். அடுத்து கொம்பு வரும் என்று எனக்குத் தெரியும். வந்தது.

அந்தக் கொம்புக்கு நீ இடம் குறித்து வைத்திருந்தாய். போடிமெட்டு ஏறும் கடைசி வளைவு. சிலமலையில் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றும்போதே ஜீப்பில் இந்தப் படத்தின் இசைக் கேசட்டைப் போட்டுவிடுவாய். படத்தில் அடிமைகள் கல் இழுக்கும் இடத்து முரசுக்குச் சரியாகக் கியர் மாற்றுவாய். மேகம் விலகி ஏலத்தோட்டம் தெரியும் நேரத்தில் கொம்பு ஊத வேண்டும். முன்னால் லோடு லாரி ஒன்று மறித்துவிட்டால் அன்று முழுக்க உன் மூஞ்சியைப் பார்க்க முடியாது. எஸ்டேட் சூப்பர்வைசர் என்று முன்சீட்டில் உட்கார்ந்து வந்த நான்தான் இதற்கெல்லாம் சாட்சி.

"யண்ணே, எழவு வீட்டுச் சங்கு கணக்கா ஊதுறாய்ங்க. நல்ல பாட்டாப் போடுண்ணே" என்று பின்னாலிருந்து பெண்கள் சத்தம் போடுவார்கள். "சும்மா வா ஆத்தா, வெரசாக் கொண்டுபோய் விடுறேன்" என்பாய். என்னிடம் மட்டும் குரலைத் தாழ்த்திச் சொல்வாய். "அந்தப் படத்துல சாமி மொகத்தக் காட்ட மாட்டான் மாப்ளே. முதுகத்தான் காட்டுவான். மொகம் பூராம் இந்த வாத்தியத்துல இருக்கு." அதற்குப் பிறகுதான் எனக்கும் காது திறந்தது.

கேசட்டை மதுரையில் ஒரு ரெக்கார்டிங் கடையில் பதிவு செய்து வாங்கினோம். "பாடவே மாட்டாங்களா?" என்று கேட்ட கடைக்காரர், அட்டையில் பேனாவால் 'இங்கிலீஷ் பக்தி' என்று எழுதிக் கொடுத்தார். நீ கோயிலுக்கும் போகாதவன், சர்ச்சுக்கும் போகாதவன். மாற்றச் சொன்னேன். "கெடக்கட்டும் மாப்ளே, நல்லாத்தான இருக்கு" என்று சிரித்தாய். பாழாய்ப்போன அந்த அட்டையை அன்றே கிழித்திருக்க வேண்டும்.

ஒருமுறை மேட்டில் வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னாய். "நான் செத்தா கொட்டு வேணாம். தெருவுல தூக்கிட்டுப் போறப்ப அந்தக் கொம்பப் போடு. நீதான் போடணும். வேற எவனுக்கும் எடம் தெரியாது." போடுகிறேன் என்றேன். உனக்கு என்ன வந்துவிடப் போகிறது என்ற தைரியம்தான்.

போன வருஷம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். உன் வீட்டு வாசலில் டேப்பும் ஸ்பீக்கரும் வாடகைக்கு எடுத்துவந்து வைத்துவிட்டுக் கேசட்டை எடுத்தேன். உன் அண்ணன் அதை வாங்கி அட்டையைப் படித்தார். பங்காளிகள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "எந்தம்பி கிறிஸ்தவ வேதத்துல சேந்துட்டானா? கூடவே திரிஞ்சவன் நீதான, சொல்லு" என்றார்.

அவன் எதிலும் சேரவில்லை, அவனுக்கு இது உயிர், இதைக் கேட்டுக்கொண்டு போகத்தான் ஆசைப்பட்டான். அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. நான் சொன்னது வேறு. "அதெல்லாம் இல்லண்ணே. தூக்கம் வராம இருக்க வண்டியில போடுவாப்ல. அதுல ஒண்ணுமில்ல."

அவர் கேசட்டைத் திருப்பிக் கொடுத்தார். கொட்டு வந்தது. குத்துப்பாட்டு அடித்து உன்னைத் தூக்கிப் போனார்கள். நானும் கையை வீசிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

உன் அண்ணன்மேல் கோபப்பட்டுப் பார்த்தேன், நிற்கவில்லை. அவருக்கு உன்னைத் தெரியாது. எனக்குத் தெரியும்.

கேசட் இப்போது என் சட்டைப் பையில்தான் கிடக்கிறது. போட்டுக் கேட்க வீட்டில் டேப் இல்லை. இருந்தாலும் கேட்கும் யோக்கியதை எனக்கில்லை. வேறு ஜீப்பில் மலை ஏறுகிறேன். கடைசி வளைவில் கொம்பு தானாக உள்ளே ஊதுகிறது. யாராவது கேட்டால் இந்த முறை உன்னைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்கிறேன்.

இன்று டீக்கடைக்காரர் கேட்டார். "என்னண்ணே, கண்ணு கலங்குது? இந்த மியூசிக்க முன்னாடி கேட்டிருக்கீகளா?"

"இல்லப்பா" என்றேன். "சேனல மாத்து."