பதின்மூன்று அட்டை வாத்து

எருமப்பட்டி,
பிப்ரவரி 22.

அன்புள்ள பிரவீனா,

நான் நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். மாதக் கடைசியில் உன் அம்மா விடுதிக்கு வரும்போது இதைக் கொண்டுவருவார். வார்டன் பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருவாராம். படிக்கட்டும், இதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

என் அம்மாவுக்கு இடுப்பு வலி குறையவில்லை. அவர் இடத்தில் நான்தான் இன்னும் கோழிப்பண்ணைக்குப் போகிறேன். முட்டைகளைப் பொறுக்கி அட்டையில் அடுக்குவது என் வேலை. ஓர் அட்டைக்கு முப்பது முட்டை. சீட்டில் எத்தனை அட்டை என்றுதான் எழுதுவோம், எத்தனை முட்டை என்று எழுத மாட்டோம். பள்ளியை விட்டுப் பத்து மாதத்தில் இந்தப் பழக்கம் கையில் ஏறிவிட்டது. அதனால்தான் ஒரு தப்பு நடந்தது.

ஜனவரி கடைசி ஞாயிறு நம் ஏரியில் பறவைக் கணக்கெடுப்பு. போன வருடம் நாம் சேர்ந்து போனோம். இந்த முறை தனியாகப் போனேன். நாமக்கல்லிலிருந்து வந்தவர்கள் பைனாகுலரோடு ஜோடி ஜோடியாக நின்றார்கள். நடத்துகிற குணசீலன் சார் என்னை மறக்கவில்லை. வடகரையை எனக்குக் கொடுத்தார்.

வாத்துகள் அந்தக் கரையில்தான் ஒதுங்கும், உனக்குத் தெரியும். ஊசிவால் வாத்து அவ்வளவு இருந்தது. நான் ஒன்று, இரண்டு என்று எண்ணவே இல்லை. கண்ணே முப்பது முப்பதாகப் பிரித்துக்கொண்டது. பண்ணைச் சீட்டு மாதிரியே 13 என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். "ஏஞ்சாமி, பதிமூணுதானா?" என்று சார் கேட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் பண்ணையில் சீட்டு எழுதும்போதுதான் உறைத்தது. பதின்மூன்று அட்டை என்றால் முந்நூற்றுத் தொண்ணூறு! ஆனாலும் யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை.

பத்து நாள் கழித்து முடிவைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டினார்கள். பட்டியலில் நம் ஏரிதான் கடைசி. வாத்து வரத்து மிகவும் குறைந்துவிட்டதால் அடுத்த வருடம் இங்கே கணக்கெடுப்பு இல்லை என்று கீழே எழுதியிருந்தது. எங்கள் சூப்பர்வைசர் மணியண்ணனிடம் சொன்னேன். "வாத்து வரலீன்னா உனக்கென்ன புள்ள? அதென்ன நம்ம பண்ணைலயா முட்டை வெக்குது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் நான் என்ன பார்த்தேன் என்று ஒருவர் என்னிடம் கேட்கிற நாள் வருடத்தில் அது ஒன்றுதான்.

உன் அம்மாவின் போனில் சாரைக் கூப்பிட்டேன். இரண்டு முறை அவர் குரல் கேட்டதும் வைத்துவிட்டேன். "பேசு புள்ள, அவரென்ன கடிச்சா வெச்சுருவாரு?" என்று உன் அம்மா அதட்டிய பிறகுதான் மூன்றாவது முறை சொன்னேன். சார் திட்டவில்லை. "சொல்றது சரி கண்ணு, எப்படி நம்பறது?" என்றார்.

போன ஞாயிறு அவரே வந்தார். வாத்துகள் போய்விட்டிருந்தன. நாமக்கோழிகள் மட்டும் நீந்திக்கொண்டிருந்தன. அவற்றைக் காட்டி எத்தனை என்று கேட்டார். நாலு அட்டையும் ஏழும் என்றேன். அவர் பைனாகுலரில் ஒவ்வொன்றாக எண்ணினார். நடுவில் விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார். நூற்று இருபத்தாறு வந்தது. என் கணக்குக்கு ஒன்று குறைவு. முங்கியிருந்த ஒன்று மேலே வந்தது. "அடச் சாமி!" என்று சிரித்துவிட்டார். பட்டியலைத் திருத்தி அனுப்பிவிட்டார். அடுத்த வருடமும் நம் ஏரியில் கணக்கெடுப்பு உண்டு.

ஆனால் இனிமேல் யாரும் தனியாக நிற்கக் கூடாதாம். ஒருவர் எண்ண வேண்டும், ஒருவர் எழுத வேண்டும். "உனக்கு எழுதறதுக்கு யாரு கண்ணு இருக்கா?" என்று கேட்டார். நான் உன் பெயரைச் சொல்லிவிட்டேன்.

உன்னைக் கேட்காமல் சொன்னது தப்புதான். அப்போது நீ பன்னிரண்டாவதில் இருப்பாய், ஞாயிறும் வகுப்பு வைப்பார்கள். முடியாது என்றால் அதையாவது எழுது, நான் கோபிக்க மாட்டேன். சாரிடம் வேறு பெயர் சொல்ல வேண்டும். யோசித்துப் பார்த்தேன், வேறு யார் பெயரும் வரவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. நினைத்த மார்க் உனக்குக் கிடைக்கும். ஒரே ஒரு ஞாயிறு, முடியுமா என்று பள்ளியில் கேட்டுப் பார்.

உன் பெஞ்சில் பக்கத்தில் இருந்த,
சரிதா