நான் வரைந்த நரம்பிணைப்பு

மச்சாள்,

இன்று காலை ஆய்வுக்கூடத்தில், நுணுக்குக்காட்டிக்குக் கீழே, ஒரு நரம்பு முளை ஏமாந்து நின்றது. அது தொட்டது நரம்புக் கலத்தையே அல்ல. சிறுநீரகக் கலம் ஒன்றை. அந்தக் கலத்தின் மேற்பரப்பில் நியூரோலிஜின் என்ற புரதத்தை நாங்கள் வைத்திருந்தோம். நரம்பு முளை தன்னுடைய நியூரெக்சின் என்ற புரதத்தால் அதைப் பற்றியதும், எதிரில் இன்னொரு நரம்பு இருப்பதாக நம்பி, செய்தி அனுப்பும் பைகளை எல்லாம் அங்கே கொண்டுவந்து குவித்துவிட்டது. உடனே உன்னிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

சுனாமி என் புத்தகங்களைக் கொண்டுபோன பிறகு, வாகரைக் கூடாரத்தில் உன் ஒரே கொப்பியில் இருவரும் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தோம். அதில், ஒரு நரம்பு இன்னொன்றுக்குச் செய்தி கொடுக்கும் இடமான நரம்பிணைப்பை வரைந்தவள் நான். இரண்டு விளிம்புகள், நடுவே இடைவெளி, ஒரு விளிம்பில் வரிசையாகப் பைகள், அம்புக்குறிகள். நீ விடவில்லை. "நடுவுல ஒட்டாமக் கிடக்கு. ரெண்டு பக்கமும் நேருக்கு நேர் எப்பிடிகா வந்து நிண்டிச்சு?"

எனக்கு அப்போது தெரியாது. இப்போது தெரியும். முதலில் இடைவெளிக்குக் குறுக்கே அந்தப் புரதங்கள் ஒன்றையொன்று பிடிக்கும். பிடித்த இடத்தின் உட்புறம் வேறு புரதங்கள் சட்டம்போல் அடுக்கும். அதில் செய்தியை வாங்கும் ஏற்பிகள் வந்து அமரும். எதிர்ப்பக்கம் பைகள் சேரும். ஒரு பக்கம் தனியாக எதையும் கட்டி முடிப்பதில்லை.

பிறகு யுத்தம் மூள, ஷெல்லுக்குத் தப்பி, சனத்தோடு சனமாக வாகரையை விட்டு நடந்தோம். சோதனைச்சாவடியில் உன் பையிலிருந்து கொப்பியை எடுத்த ஆமிக்காரன் என் படத்தில் விரல் வைத்தான்.

"இது கரை. இதுவும் கரை. வள்ளம் எங்க போகுது?"

படத்தைக் கடல்வழி வரைபடம் என்றும் பைகளை வள்ளங்கள் என்றும் நினைத்துவிட்டான். யார் கீறியது என்று கேட்டான். நீ என் பக்கம் திரும்பவே இல்லை.

"நான்தான் சேர். இது பாடம்."

நான் வாய் திறக்கவில்லை. பயம், வெறும் பயம். உன்னை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். என்னைப் போகச் சொன்னார்கள், போய்விட்டேன். யுத்தம் முடிந்த பிறகும் நீ வரவில்லை.

இன்று அதற்குமேல் வேலை ஓடவில்லை. மத்தியானம் உன் அம்மாவுக்குப் போன் எடுத்தேன். "மாமி, அந்தப் படம் நான் கீறினது" என்று இத்தனை வருடத்துக்குப் பிறகு சொன்னேன். ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது இதுதான்:

"அவள் பயந்தவளா புள்ள?"

இல்லை மாமி என்றேன். கொப்பியைத் திருப்பி வாங்க நீட்டிய உன் கை நடுங்கியதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். அதை மட்டும் மாமியிடம் சொல்லாமல் நானே வைத்துக்கொண்டேன்.