ஹெல்சிங்கோர் பயணத்துக்கு நாலாவது ஆள்

திருத்தங்கல்,
ஏப்ரல் 27

அன்பு மகள் வேல்விழிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் வெயிலைத் தவிர வேறு குறை சொல்ல முடியாதபடி இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே குளிர் விட்டு வெளிச்சம் பார்க்கத் தொடங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். போனில் பேசலாம்தான், ஆனால் போனில் பேசும்போது அம்மா பக்கத்திலேயே இருப்பாள், நான் சொல்ல வந்ததோ அவளைப் பற்றியது. வாட்சப்பில் தட்டினால் ஒரு வரிக்கு நாலு பிழை விழுகிறது. அதனால் பேப்பரில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், பக்க எண் போட்டிருக்கிறேன், வரிசை மாறாமல் படி. முதலில் நல்ல சேதி. பாஸ்போர்ட் இரண்டும் விசாவோடு நேற்று கூரியரில் வந்துவிட்டன. சென்னைக்கு ரேகை கொடுக்கப் போய்விட்டு விருதுநகர் ஸ்டேஷனில் வந்து இறங்கிய அன்று அம்மா, விசா கிடைக்காது, அந்த ஆபீசர் பிள்ளை என் கையை ஒரு மாதிரியாகப் பார்த்தது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பட்டாசு மருந்து பட்டு மஞ்சளேறிய விரலின் ரேகை ஒழுங்காக விழவில்லை, மூன்று முறை வைக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அதிலிருந்து எனக்கு ஒரு யோசனை வந்தது. அம்மா பட்டாசுக் கம்பெனிக்குத் தினமும் கொண்டுபோகிற பையை விமான நிலையத்துக்குக் கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டேன். போன வருஷம் நம் தெரு முனியராஜ் சிங்கப்பூர் போகும்போது பழைய பையைக் கொண்டுபோய், அதிகாரிகள் பையை ஒரு துணியால் துடைத்து மிஷினில் வைக்க, மிஷின் கத்தி, பாதி நாள் உட்கார வைத்துவிட்டார்கள். அவன் பையில் வெடி இல்லை, பையே வெடிக்கம்பெனியில் பத்து வருஷம் தொங்கியது, அதுதான் குற்றம். அம்மாவுக்குப் புதுப் பை, புதுச் செருப்பு, இரண்டும் வாங்கியாகிவிட்டது.

நீ அனுப்பிய பயணத் திட்டத்தை அச்செடுத்து வைத்துப் படித்தேன். கோபன்ஹேகனில் வீட்டில் இருந்துகொண்டே காலையில் போய் மாலையில் திரும்புகிற மாதிரி நாலு ஊர் போட்டிருக்கிறாய், நல்ல யோசனை, ஊர் ஊராகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய எங்களால் ஆகாது. ரோஸ்கில்டவில் பழைய மரக்கப்பல் பார்ப்பது, ஹெல்சிங்கோரில் கடற்கரைக் கோட்டையைப் பார்த்துவிட்டுப் படகேறி ஸ்வீடன் போய் வருவது, பாலத்தின் மேல் ரயிலில் மால்மோ, அப்புறம் அந்த வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. நான் உங்கள் ஊர் ரயில் கம்பெனியின் இணையதளத்தில் எல்லா நேரத்தையும் பார்த்துவிட்டேன். மூன்று ஊருக்குப் பயணம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. சுண்ணாம்புப் பாறைக்கு மட்டும் ரயில் மாறி பஸ் ஏறி அரை நாள் வழியிலேயே போகும். ஆலங்குளம் சிமெண்ட் ஆலைக்குக் கல்லெடுக்கும் குழியில் எத்தனையோ தடவை இறங்கிச் செய்தி எழுதியவன் நான், அதே வெள்ளை கடலோரத்தில் சுவர் மாதிரி நிற்பதைப் பார்க்க எனக்கு ஆசைதான். ஆனால் கீழே இறங்க ஐந்நூறு படிக்குக் குறையாது என்கிறார்கள், இறங்கியதை ஏறவும் வேண்டும். அம்மாவின் முழங்காலுக்கு அது ஒத்து வராது. மேலே காட்டு வழியிலேயே நடந்து பார்த்துவிட்டு வரலாமென்றால் போகலாம், இல்லையென்றால் அந்த நாளை வீட்டில் கழிப்போம். அடுத்தடுத்த நாளில் இரண்டு பயணம் வைக்காதே, நடுவில் ஒரு நாள் ஓய்வு விடு. படகு உள்ள நாளில் காற்று எப்படி என்று முந்தின நாள் பார்த்துக்கொள். ஆடி பிறப்பதற்குள் எங்களைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும், ஆடிப்பெருக்குக்குக் கம்பெனிகளில் பூஜை போட்டு ஆர்டர் எடுக்கத் தொடங்கிவிட்டால் அம்மாவுக்கு அங்கே கால் தரிக்காது.

அம்மாவிடம் திட்டத்தைச் சொன்னபோது முதல் சண்டை புறப்படும் நேரத்தில்தான் வந்தது. உனக்கு நினைவிருக்கும், தீபாவளி லோடு எல்லாம் ஏறி முடிந்ததும் கம்பெனிப் பெண்கள் வேன் பிடித்து டூர் போவார்களே, திருச்செந்தூரானாலும் குற்றாலமானாலும் விடியற்காலை மூன்று மணிக்கு வண்டி எடுத்து, இருட்டுவதற்குள் ஊர் வந்து சேர வேண்டும். அதற்குப் பல வருஷமாக அம்மாதான் தலைவி. அதே கணக்கில் ஹெல்சிங்கோருக்கும் மூன்று மணிக்கே கிளம்ப வேண்டும் என்றாள். கோட்டையைப் பத்து மணிக்குத்தான் திறப்பார்கள் என்றேன். “தொறக்கட்டும், வாசல்ல உக்காந்து சாப்புட்டு இருப்போம். இருட்டுறதுக்கு முன்னால வீடு வந்துறணும்லா” என்றாள். அங்கே ஜூன் மாதத்தில் இரவு பத்து மணிக்குத்தான் சூரியன் விழும் என்று படத்தோடு காட்டினேன். படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “அப்பொ அந்த ஊரு பொம்பளையாளுக எப்பத்தான் வேலைய முடிச்சு வீட்டுக்குப் போவாளுக” என்று கேட்டாள். நாங்கள் அங்கே வந்ததும் நீயே அவளுக்குச் சொல்லு.

இனி நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். நீ வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் உன் கவலை எனக்குத் தெரியும், எனக்கும் அதே கவலைதான். நீங்கள் இருவரும் அங்கே நகர மன்றத்தில் பதிவு செய்து கல்யாணம் முடித்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது, அம்மா இன்னும் மாப்பிள்ளை லாசேயோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் வெள்ளைக்காரர் என்பதில் அவளுக்கு வருத்தமில்லை. கல்யாணப் பத்திரிகையை முதலில் கம்பெனியில் தன்னோடு ஒரே அறையில் வேலை பார்க்கும் பெண்களுக்கு வைக்க முடியாமல் போய், அவர்கள் போனில் போட்டோ பார்த்துக் கல்யாணத்தைத் தெரிந்துகொண்டார்கள் என்பதுதான் வருத்தம். மருமகனை எப்போது கூட்டி வருவாய் என்று அவர்கள் கேட்கும்போதெல்லாம் லீவு இல்லை என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது. இந்தப் பயணத்திலாவது அது சரியாக வேண்டுமே என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போது உன் திட்டம் வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், நான் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு ஊராக வாசித்தேன். எல்லாம் கேட்டுவிட்டு, “டிக்கெட்டு எம்புட்டுப் பேருக்கு” என்றாள். நமக்கும் வேலுவுக்கும், மூன்று பேருக்கு என்றேன். இன்னொரு கொத்தை உருவிப் போட்டாள். அப்புறம் கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “ரூமுக்கு நாலு பேரு போடலாம்லா, நாலாவது ஆளு எங்கன” என்றாள். பட்டாசு அறைக்குள் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது சட்டம், அம்மா அறையின் மூத்தவள் என்பதால் காலையில் உள்ளே நுழைந்ததும் தலையை எண்ணுவாள். ஐந்தாவது ஆள் இருந்தால் வெளியே அனுப்புவாள், மூன்று பேர் மட்டும் இருந்தால் ஏன் ஒரு ஆள் குறைகிறது என்று போர்மேனைப் போய்க் கேட்பாள். அந்தப் பழக்கம்தான்.

மாப்பிள்ளைக்கு முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை, ஷிப்ட் இருக்கும், அது போக நீ சங்கடப்படக் கூடாதென்றுதான் வேலு அவரை விட்டுவிட்டுத் திட்டம் போட்டிருக்கிறாள் என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன். “எனக்காகவா? ஆளக் கழிச்சு வைன்னு நான் எப்பச் சொன்னேன்” என்றாள். வாயால் சொல்லவில்லை, போனில் அவர் முகம் தெரிந்ததும் எழுந்து போய்விடுகிறாயே என்றேன். “அடுப்புல பாலு கெடக்கும்” என்றாள். தினமுமா பால் கிடக்கும் என்று கேட்டேன். “நீங்க பேப்பர்காரரு, உங்ககிட்டப் பேசி முடியுமா” என்று கீரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் அந்தப் பேச்சு இல்லை. நானும் கிளறவில்லை, ஒரு விஷயம் தானாக வரட்டும் என்று காத்திருப்பது எனக்கு வேலையில் பழகிய பழக்கம்.

புதன்கிழமை சாயங்காலம் நாரணாபுரம் கம்பெனியில் வேலை முடிந்து வந்தவள், முகம் கழுவும்போதே சொல்லத் தொடங்கினாள். மதியம் சாப்பிடும்போது சொர்ணலட்சுமி சித்தியிடம் உன் திட்டத்தைச் சொல்லியிருக்கிறாள். உனக்கு அவளைத் தெரியும், அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து சரவெடி பின்னுகிறவள், வாயடங்காதவள். “ஹெல்சிங்கூருக்குப் போறீகளாக்கும், சோத்து வாளிய யாரு தூக்குவாக” என்று கேட்டிருக்கிறாள். டூர் வழக்கம் உனக்குத் தெரியாமல் இருக்கலாம், நீ பள்ளிக்கூடம் போன பிள்ளை, அந்த வேனில் வந்ததில்லை. அறைக்குப் புதிதாக வந்தவள்தான் முதல் டூரில் புளியோதரை வாளியை வேனிலிருந்து இறக்கி, சாப்பிடுகிற இடம் வரைக்கும் தூக்கி வந்து, எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிட வேண்டும். வழியெல்லாம் மற்றவர்கள் அவளைக் கிண்டல் செய்வார்கள். போன டிசம்பரில் பானுப்பிரியா என்ற சின்னப் பெண் தூக்கினாள், “ஏத்தா, பாதி ரோட்டுல சிந்திட்ட, காக்காய்க்கா சோறு கொண்டாந்த” என்று சொர்ணலட்சுமி அவளைப் படாத பாடு படுத்தினாளாம். ஆனால் அன்றைக்கு வாளி காலியானதும் அவளைப் ‘புதுசு’ என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அதற்கு அப்புறம் அவளை யாராவது வெளியாள் ஒரு வார்த்தை சொன்னால் அறையே சண்டைக்குப் போகும். அந்தக் கணக்கில்தான் சொர்ணலட்சுமி, “ஒன் மருமகன் வாளி தூக்குவாகளா, இல்ல தொரை மாதிரி கைய வீசிட்டு வருவாகளா” என்று கேட்டிருக்கிறாள். அம்மா என்ன பதில் சொன்னாள் என்று கேட்டேன். “தூக்குவாரு, கெழவன் கெழவியத் தூக்கி உக்கார வைக்கிற வேலையில்லா பாக்காரு, வாளி தூக்க மாட்டாரான்னேன்” என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த ஊரில் நல்ல தூக்குவாளி கிடைக்குமா என்று என்னையே கேட்டாள்.

மறுநாள் சிவகாசியில் பாத்திரக் கடைக்கு என்னைக் கூட்டிப் போனாள். பார்த்துப் பார்த்து, மூடி இறுக்கமாக மூடுகிறதா, கைப்பிடி உள்ளங்கையில் வெட்டுமா என்று தானே தூக்கி நடந்து பார்த்து, நாலு பேர் சாப்பிடுகிற அளவில் ஒரு எவர்சில்வர் வாளி எடுத்தாள். பணம் கொடுத்ததும், அங்கே பாத்திரத்தில் பேர் வெட்டித் தருகிற ரத்தினசாமி முன்னால் போய் நின்றோம். கடையில் கல்யாணச் சீர் வாங்க வந்த கூட்டம், நம் தெருக்காரர்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். அவர் மிஷினை எடுத்துக்கொண்டு, “யாருக்குத்தா, என்ன பேரு போட” என்றார். அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. “எம் மருமகனுக்கு, லாசேன்னு போடுங்க” என்றாள். அந்தப் பெயரை அவள் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ரத்தினசாமி, “இது எந்த ஊரு சாமி பேரு” என்று கேட்டார். “அவுக ஊருல அப்படித்தான் வைக்காக. நீங்க அழியாம ஆழமா வெட்டுங்க” என்றாள். பக்கத்தில் நின்ற பெண் மருமகன் எங்கே இருக்கிறார் என்று கேட்க, அம்மா விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், நான் வெளியே வந்து வண்டியை எடுத்தேன். வீட்டுக்கு வரும்வரை வாளியை என்னிடம் தரவில்லை. இப்போது அது பெட்டியில் துணிகளுக்கு நடுவே இருக்கிறது, உள்ளே புளிக்காய்ச்சல் டப்பா வைக்க அளவு பார்த்தாகிவிட்டது.

அதனால் மகளே, திட்டத்தை இப்படி மாற்று. ரோஸ்கில்டவும் மால்மோவும் நாம் மூன்று பேர் போதும், அவர் வேலையைக் கெடுக்க வேண்டாம். ஹெல்சிங்கோர் நாளுக்கு மட்டும் மாப்பிள்ளையை இப்போதே லீவு எழுதிக் கொடுக்கச் சொல், டிக்கெட் நாலாகப் போடு. சோறு நீங்கள் வைத்துக்கொடுத்தால் போதும், கிளறுவது அம்மா பொறுப்பு. அவர் தமிழ் படிக்கிறார் என்றாயே, அன்றைக்குப் பரிமாறும்போது ‘அத்தை, இன்னும் கொஞ்சம்’ என்று சொல்லத் தெரிந்தால் போதுமானது. அம்மா கேலி செய்வாள், அதைக் கேட்டு அவர் மனம் கோணாதபடி முன்னாலேயே சொல்லி வை. கேலி செய்யாமல் இருந்தால்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, சைக்கிளில் போகும்போது போன் பேசாதே. பத்திரகாளியம்மன் உங்கள் இருவருக்கும் துணையிருப்பாள், இரண்டு பேரும் நோய் நொடியில்லாமல் நீண்ட நாள் ஒன்றாக வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஸ்டேஷனிலிருந்து கோட்டைக்குக் கொஞ்சம் நடக்க வேண்டும், படகுத்துறைக்கும் நடக்க வேண்டும், வாளி கனக்கும். பாவமாக இருக்கிறதென்று நீ கையை நீட்டி அதை வாங்கிவிடாதே.

என்றும் உன் நலம் நாடும் அப்பா,
ஊர்க்காவலன்