ஷட்டருக்குள் ஓடிய எஞ்சின்

பாசமுள்ள அத்தானுக்கு,

அங்கே உங்களுக்கு மூச்சு நன்றாக வருகிறதா? இந்தக் கடிதம் உங்களுக்கு வந்து சேராது என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

நீங்கள் வேலை பார்த்த அதே ஷார்ஜா படகு ஒர்க்‌ஷாப்பில்தான் இருக்கிறேன். சவூதியில், தம்மாமில் எனக்கு வேலை போனதும் உங்கள் சூப்பர்வைசர் செல்வராஜ்தான் கூப்பிட்டு விசா எடுத்துக் கொடுத்தார். தன் கேபினில் உங்கள் படத்தை மாட்டி வைத்திருக்கிறார். வருகிறவர்களிடமெல்லாம், "என் தம்பி மாதிரி. ஹார்ட் அட்டாக்ல போயிட்டான்" என்பார். அக்காவிடமும் அப்படித்தானே போனில் அழுதார்!

வெயில் ஏறிவிட்டது. ஓனர்கள் படகுகளை நம்மிடம் விட்டுவிட்டு வெளிநாடு கிளம்புகிறார்கள். உங்களுக்குத் தெரியாத வேலையா? நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவி, எஞ்சின் ஓடும்போதே உள்ளே எண்ணெய் அடித்து, துருப்பிடிக்காமல் அடைத்து வைக்கிறோம். எண்ணெய் அடித்தால் ஷெட் முழுக்க வெள்ளைப் புகை.

போன வாரம் நானும், உங்களோடு வேலை பார்த்த யூனுஸ் பாயும் அப்படி ஒரு படகில் இருந்தோம். செல்வராஜ் வந்தார். "புகை ஆபீசுக்கு வருதுப்பா, ஓனர் உக்காந்திருக்காரு" என்று சொல்லிக்கொண்டே ஷட்டரைக் கீழே இறக்கிவிட்டுப் போனார்.

யூனுஸ் பாய் படகிலிருந்து குதித்து ஓடி ஷட்டரைத் தூக்கினார். நான் எஞ்சினை அணைத்தேன். வெளியே வந்து பார்த்தால் யூனுஸ் பாய் சுவரோரம் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறார்.

"உன் அத்தானும் இப்படித்தான், மூடின ஷெட்டுக்குள் எஞ்சின் புகை ஏறிப் போனான்" என்றார் இந்தியில். "இதே ஷெட். இந்தச் செல்வராஜ்தான் ஷட்டரை மூடச் சொன்னான். நான்தான் வெளியே இழுத்துப் போட்டேன். உனக்குத் தெரியாதா? வீட்டுக்கு எல்லாம் சொல்லிவிட்டேன் என்றானே!"

நேராகக் கேபினுக்குப் போனேன். செல்வராஜ் பிரியாணி தின்றுகொண்டிருந்தார். கேட்டேன். மெல்லுவதைக்கூட நிறுத்தவில்லை.

"செத்தவன் திரும்பி வரப் போறானா? ஹார்ட்டுன்னு சொன்னா வீட்டுல உள்ளவங்க மனசு ஆறும்னு நெனச்சேன்."

"யாரு மனசு ஆறணும்? உமக்கா, எங்க அக்காவுக்கா?"

"வேலை வேணும்னா இந்தப் பேச்ச இதோட கலாஸ் பண்ணு" என்று விரலை நக்கினார். அத்தான், அந்த விரலைப் பார்க்க எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த ஆள் கொடுத்த சோற்றை எத்தனை நாள் தின்றிருக்கிறேன்! சுவரிலிருந்து உங்கள் படத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாளே யூனுஸ் பாயும் நானும் போலீசுக்குப் போய்ப் புகார் கொடுத்தோம். இரண்டு பேருக்கும் வேலை போய்விட்டது. விசாரணைக்குக் கூப்பிடுவார்களாம். கூப்பிடுவார்களா?

ரூமிலிருந்து அக்காவுக்குப் போன் போட்டேன். யூனுஸ் பாய் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எல்லாம் சொன்னேன். அக்கா அழவில்லை.

பிறகு, "அப்பம் ஷைனிக்கு நெஞ்சில ஒண்ணும் இல்லியாலே?" என்று கேட்டாள்.

எனக்குப் புரியவில்லை. அப்புறம்தான் சொன்னாள். அப்பனுக்கு வந்தது பிள்ளைக்கும் வந்துவிடும் என்று பயந்து, உங்கள் மகள் ஷைனியை ஸ்கூல் ஓட்டப்பந்தயத்திலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறாள். மாடிப்படி ஏறினால்கூடத் திட்டுவாளாம். அந்த ஆளின் ஒரு பொய் கடல் தாண்டிப் போய் உங்கள் பிள்ளையின் காலைக் கட்டிப் போட்டிருக்கிறது. தூ!

புகார் முடியும்வரை நான் இங்கிருந்து நகர மாட்டேன். முடிந்ததும் ஊருக்கு வந்து, ஷைனியை நானே கிரவுண்டுக்குக் கூட்டிப்போய் ஓடவிடுவேன், அத்தான். மூச்சு வாங்க வாங்க ஓடட்டும்.

உங்கள் மச்சினன், ஷைனியின் தாய்மாமன்,
சகாயம்