எட்டு ஜோக்கரும் இரண்டு சம்பந்திகளும்

அம்பாங்கான், சிரம்பான்.

அன்பு மகள் டான்யாவுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அப்பாவின் இடது முட்டி மட்டும் சுகமில்லை. டெக்சஸில் நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே. வாட்ஸ்ஆப்பில் நாலு வரி எழுதினால் நீ கட்டை விரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய அமெரிக்க மாஜோங் காய்ப் பெட்டி வந்து ஆறு வாரமாகிறது. உன் மாமியார் கேரல் அதில் பெரிய கெட்டிக்காரி, ஆட்டம் தெரியாமல் நான் அங்கே வந்து உட்கார்ந்தால் உன் மானம் போய்விடும், ஜூனில் விமானம் ஏறுவதற்குள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருந்தாய். சுங்கை காடுட் தொழிற்சாலையில் முப்பது வருடம் நின்று உன்னைப் படிக்க வைத்தவளுக்கே பரீட்சையா என்று முதலில் கோபம் வந்தது, பிறகு பயம் வந்தது. பக்கத்து வீட்டுத் திலகாவையும் என்னோடு வேலை பார்த்த சியூ மெய்யையும் கூப்பிட்டேன், நாலாவது ஆள் அப்பா. சியூ மெய் பிறந்ததிலிருந்து சீன வீட்டு மாஜோங் காய்ச் சத்தத்தில் வளர்ந்தவள். எட்டு ஜோக்கர் காயையும் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, இது மாஜோங் இல்ல லா, சீட்டாட்டம் என்று மலாயில் சொன்னாள். ஜெயிக்கிற வரிசைகளை அட்டையில் அச்சடித்து வருடா வருடம் மாற்றுவார்களாம் என்றேன். அப்படியென்றால் போன வருடம் ஜெயித்தவன் இந்த வருடம் தோற்றவனா என்று கேட்டாள். ஆட்டம் தொடங்கும் முன் வேண்டாத காய்களை மூன்று மூன்றாக அடுத்தவருக்குத் தள்ள வேண்டும். நம் கோயில் ஜனங்களிடம் கிறிஸ்துமஸ் பிஸ்கட் டின் திறக்கப்படாமலே வீடு வீடாகச் சுற்றுமே, அதேதான். திலகா நல்ல காயையெல்லாம் தள்ளிவிட்டுக் கெட்டதை வைத்துக்கொண்டாள், கேட்டால் குடுக்கறதுன்னா நல்லதாத்தானே குடுக்கணும்க்கா என்கிறாள். அப்பா ஜோக்கரைப் பிடித்தபடியே தூங்கிவிட்டார். நான் ஒரே ஒரு முறை ஜெயித்தேன், அதையும் நான் அட்டையில் வரி மாற்றிப் பார்த்துவிட்டதாகச் சொல்லி சியூ மெய் தள்ளுபடி செய்துவிட்டாள். அன்றைக்கு டிக்கெட்டைக் கேன்சல் செய்யச் சொல்லி அப்பாவிடம் சொன்னேன். கேரல் முன்னால் காயை வைத்துக்கொண்டு முழிப்பதைவிட, உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி இங்கேயே இருந்துவிடலாம் என்று தோன்றியது. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

போன ஞாயிறு பூசை முடிந்து மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தபோது கேரல் வீடியோவில் கூப்பிட்டார். மாப்பிள்ளையிடம் நம்பர் வாங்கினாராம். தயங்கித் தயங்கிப் பேசினார். இரண்டு மாதமாக மாஜோங் வகுப்புக்குப் போகிறேன், மண்டையில் ஏறவில்லை, நீங்கள் வரும்போது தப்பாக நினைக்கக் கூடாது என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீதான் அவரிடம், என் அம்மா மாஜோங் இல்லாமல் ஒரு நாளும் இருக்க மாட்டார், நீங்களும் கற்றுக்கொண்டால் பேச்சுத் துணையாக இருக்கும் என்று சொன்னாயாம். குழம்பு பொங்கி அடுப்பில் வழிந்தது. நீங்கள் கெட்டிக்காரி என்றுதான் என்னிடம் சொன்னாள், எனக்கும் ஆட்டம் வராது என்று நான் உண்மையைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார், நானும்தான்.

இரண்டு கிழவிகளும் பேச ஒன்றுமில்லாமல் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம் என்று பயந்தாயா, அதைச் சொல்லியிருந்தால் போதுமே. பொய்கூடப் பரவாயில்லை, சபையில் பேசத் தெரியாதவள் என்று என்னை நினைத்தாய் பார், அதுதான் சுருக்கென்று தைத்தது. என் உடைந்த ஆங்கிலத்தில் அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் பேசினோம். செத்துப்போன அவர் புருஷனைப் பற்றிச் சொன்னார், நான் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் வளர்ந்ததைச் சொன்னேன், மீதி நேரம் முழுக்க உன்னைப் பற்றித்தான். என்ன பேசினோம் என்று எழுத மாட்டேன்.

டிக்கெட் அப்படியேதான் இருக்கிறது. ஒவ்வொரு வேளையும் வெளியில் வாங்கிச் சாப்பிடாதே, பூசையை விடாதே. மாதா உங்கள் இருவரையும் தன் முந்தானையில் வைத்துக் காக்கட்டும். மறக்காமல் ஒன்று, விமான நிலையத்துக்கு நீ லீவு போட்டு வர வேண்டாம், கேரல் வண்டி கொண்டுவருகிறார், நாங்கள் பேசிக்கொண்டே மெதுவாக வந்து சேர்கிறோம்.

உன் அம்மா,
மரியகொரெட்டி