உன் இடது பக்கம்

நெட்டையா,

போனை நீ எடுக்க மாட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஜெயித்துவிட்டோமடா! ஃபுட்டி என்கிற இந்த ஆஸ்திரேலியக் கால்பந்தில் என் கடைசி ஆட்டம், மெல்பர்னே பார்க்க, அதுவும் உங்கள் அணியை! ஒரு கோல் போட்டால் வெற்றி, மிச்சமிருந்ததோ ஒரே நிமிடம். நடுவர் பந்தைத் தரையில் அடித்து எழுப்பியதும், நீ எல்லோருக்கும் மேலே எம்பி, உன் இடது பக்கமாகத் தட்டிவிட்டாய். அங்கே உங்கள் ஆள் ஒருவனும் இல்லை. நான் இருந்தேன். பிடித்தேன், ஓடினேன், உதைத்தேன். கோல்! ஆட்டம் முடிந்ததென்று சைரனும் ஊதிவிட்டது.

"யாருக்குடா தட்டுற?" என்று உங்கள் கேப்டன் டார்சி அலறியது அத்தனை கூச்சலிலும் கேட்டது.

ஓய்வு பெறுகிறவனைத் தோளில் தூக்கிப் போவார்கள் அல்லவா, தூக்கினார்கள். ஒரு பக்கமாகச் சரிகிறோமே என்று குனிந்தால், உயரமான அந்தத் தோள் உன்னுடையது. நீ அணி மாறியதிலிருந்து நமக்குள் பேச்சே இல்லை.

"நீ எங்கடா இங்க?"

"வாய மூடிட்டுக் கைய ஆட்டு, கிழவா."

"நம்ம கல்யாணப் போட்டோல கூட நீ இப்படிச் சிரிக்கல" என்கிறாள் என் மனைவி ப்ரிட்ஜெட், உன் தோளில் நான் இருக்கும் பத்திரிகைப் படத்தைப் பார்த்து.

பழக்கதோஷத்தில் பழைய கூட்டாளிக்குத் தட்டிவிட்டாய் என்று பத்திரிகைகள் உன்னைக் கிழிக்கின்றன. அவர்களுக்கு ஒன்று தெரியாது. உன் இடத்துக்கு வந்த எங்கள் புது நெட்டையன் வலது பக்கம்தான் தட்டுவான். நான் அங்கேதான் நின்றிருக்க வேண்டும். நீ எம்பியதைப் பார்த்ததும் என் கால்கள் என்னைக் கேட்காமலே உன் இடது பக்கம் ஓடிவிட்டன.

இப்படிக்கு,
எப்போதும் அங்கே நிற்கிறவன்