கோழிக்குப் போட்ட கிளிஞ்சல்

அக்கா,

இன்று சாயங்காலம் பண்ணையில் கிளிஞ்சல் மூட்டையைப் பிரித்தேன். அந்தக் காய்ந்த கடல் வாடை முகத்தில் அடித்ததும் நீ பக்கத்து வரிசையில் நிற்கிறாய் என்றே நினைத்துத் திரும்பினேன். கோழிகள்தான் கூண்டுக்கு வெளியே கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தன.

பரமத்தி வேலூர் பஸ்ஸில் வந்திறங்கி நாம் இருவரும் இங்கே முட்டை பொறுக்கிய காலத்தில் கிளிஞ்சல் போடும் வேலையை நீ யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. கோழி ராத்திரியில்தான் முட்டைக்கு ஓடு கட்டும். அதற்குள் கிளிஞ்சல் போட்டாக வேண்டும். சுண்ணாம்புச் சத்து போதாவிட்டால் தன் எலும்பையே கரைத்து ஓடு கட்டிவிட்டு, கால் ஊன்ற முடியாமல் சாய்ந்துவிடும். பண்ணையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. தெரிந்ததே நம்மைக் கெடுத்தது.

உன் விரல் கணுக்கள் வீங்கியபோது உனக்கு நாற்பதுகூட ஆகவில்லை. விடிந்ததும் விரல் மடங்காது. வெந்நீரில் கையை வைத்து, அதைத் திட்டிக்கொண்டே ஒவ்வொரு விரலாக மடக்குவாய். சேலத்து டாக்டரம்மா முடக்குவாதம் என்று சொல்லி எழுதிய மாத்திரை வயிற்றைப் புரட்டியது, நிறுத்திவிட்டாய். வலிக்கு மருந்துக்கடையில் கொடுத்த குட்டி வெள்ளை மாத்திரை போதும் என்றாய். எலும்புக்கு ராகிக் களி, பால், கால்சியம் மாத்திரை.

“எலும்புச் சங்கதி நம்மளுக்குத் தெரியாததாடி? கிளிஞ்சல் தின்னுட்டுக் கோழியே எந்திரிச்சு நிக்குது, நான் நிக்க மாட்டனா?” என்றாய். வீக்கம் வடிந்து கை சுறுசுறுப்பாக ஓடியதைப் பார்த்து நானும் நம்பினேன்.

பிறகு ஒரு நாள் பண்ணை நிறுத்தத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கினாய். தடுக்கவில்லை, வழுக்கவில்லை. தரையில் கால் வைத்ததும் இடுப்பில் ஏதோ முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அதற்குப் பிறகுதான் விழுந்தாய். “நான் உழுந்து முறியலடி. முறிஞ்சுதான் உழுந்தேன்” என்று ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாய்.

டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “சத்துக் குறைவு மட்டும் இல்லைங்கம்மா இது. மூட்டுல இருக்கிற அழற்சி மூட்டோட நிக்காது. ஒடம்பு பூராவும் எலும்பு கரையறதை வேகப்படுத்தும், புதுசா கட்டறதைத் தடுத்துரும். அந்த வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டுங்க, அதுவும் சேர்ந்து எலும்பை அரிச்சிருக்கு. அழற்சியை அடக்காம எத்தனை கால்சியம் சாப்பிட்டாலும் பத்தாதுங்க.”

ஆபரேஷன் செய்தார்கள். உளுத்துப்போன எலும்பில் திருகாணி பிடிக்கவில்லை. “ஊட்டுக்கு நடந்தே வாரேன்னு சொல்லு” என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லி அனுப்பினாய். படுத்த படுக்கையில் சளி நெஞ்சைக் கட்டிக்கொண்டது. நீ ஊருக்கு வந்தாய், நான்கு பேர் தூக்கி.

போன வாரம் ஒரு கோழி கூண்டில் சாய்ந்து கிடந்தது. எடுத்துத் தரையில் விட்டு, கிளிஞ்சல் வைத்தேன். நேற்று எழுந்து நின்று, ஒன்றும் நடக்காததுபோல் தீனியைக் கிளறியது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை அக்கா. ஆத்திரம்தான் வந்தது. அதன் கழுத்தைத் திருகிவிடலாம் போல இருந்தது.

இன்னொன்றையும் உன்னிடம்தான் சொல்ல முடியும். மழைக்காலத்திலிருந்து எனக்கும் விரல் வீங்குகிறது. உன் கணுக்களேதான். வயிற்றைப் புரட்டும் அந்த மாத்திரையை நான் விடாமல் போடுகிறேன். சீக்கிரமே வந்துவிட்டீர்கள், பயப்படாதீர்கள் என்கிறார் டாக்டரம்மா. பஸ் படியில் நின்று தரையைப் பார்க்கும்போது அந்த வார்த்தை எதற்கும் உதவுவதில்லை. கண்டக்டர் விசில் ஊதுகிறார். பிடித்த கம்பியை விடுவதற்கு எனக்குக் கை வருவதில்லை.

இன்றும் உன்னைப் போலவே கிளிஞ்சலைக் கையால்தான் அள்ளினேன். விரல்கள் மூடவில்லை. வழிந்தது போக உள்ளங்கையில் நின்ற கொஞ்சத்தைக் கோழிகளுக்குப் போட்டேன்.